வீட்டு முற்றம்: கொத்த வரும் தாய்க்கோழியோடு பழகுவது எப்படி?



போன மாதம் கிடைத்த கடிதங்களில் ஒன்று கரடியனாற்றுப் பக்கமிருந்து வந்தது. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் இல்லை. வீட்டு முற்றத்தில் ஐந்து ஊர்க்கோழிகள் வளர்க்கிறார். "அக்கா, ஒரு கோழி பத்துக் குஞ்சு பொரித்திருக்கிறது. கிட்டப் போக விடுகுதில்லை. தீன் வைக்கப் போனால் கையைக் கொத்துகிறது. நேற்று கடைசி மகளின் முகத்துக்குப் பாய்ந்து விட்டது. கண்ணுக்குக் கீழே கீறல். குஞ்சுகளை எடுத்துத் தனியாக வளர்க்கட்டா? இல்லாவிட்டால் இந்தக் கோழியை விற்று விடட்டா?" என்று கேட்டிருந்தார்.

தங்கச்சி, உங்கள் ஊரில் 'பதுளை வீதி' என்று சொல்லும் அதே வீதிதான் மகாஓயா, பிபிலை தாண்டி மலையேறி எங்கள் லுணுகலைக்குள்ளாலும் போகிறது. போர்க்காலத்தில் அந்த வீதியால் நினைத்தபடி போய்வர முடியவில்லை. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து கிழக்குக்கும் வன்னிக்கும் போன குடும்பங்கள் ஏராளம். ஆகவே உங்கள் முற்றத்துக் கோழியைப் பற்றி எங்கள் முற்றத்திலிருந்து பேசுவது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதிலை முதலே சொல்லி விடுகிறேன். குஞ்சுகளை எடுக்க வேண்டாம். கோழியை விற்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு முன் பிள்ளையின் காயத்தைப் பார்ப்போம்.

முதலில் பிள்ளை

கோழி கொத்திய காயத்தையும் நகம் கீறிய காயத்தையும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கோழியின் கால் எப்போதும் எருவிலும் மண்ணிலும் நிற்பது. அதனால் சிறு கீறல் என்று விட்டுவிடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால், அல்லது சிவந்து வீங்கினால், வைத்தியசாலையில் காட்டி ஏற்புத் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கண்ணிலேயே பட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கண்ணைக் கசக்கவோ, முலைப்பாலோ பச்சிலைச் சாறோ விடவோ கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

குஞ்சுக்கோழி இருக்கும் காலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அதன் பக்கம் தனியே விடாதீர்கள். சிறு பிள்ளையின் முகம் கோழி பாயும் உயரத்தில் இருக்கிறது. அத்துடன் பிள்ளை குஞ்சைக் கையில் தூக்கினால் குஞ்சு கத்தும். கத்தியவுடன் தாய் பாயும். இது மூன்று, நான்கு கிழமைக் காலந்தான். அதுவரை கோழிக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு வேலியோ கம்பி வலையோ இருக்கட்டும்.

நான் செய்த பிழை

குஞ்சுகளை எடுக்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒருமுறை எடுத்தேன்.

அது 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். எங்கள் செவலைக்கோழிக்கு 11 முட்டை அடை வைத்தேன். இஸ்தோப்பு மூலையில் பழைய மூங்கில் கொழுந்துக் கூடையில் வைக்கோல் போட்டு வைத்ததில் 9 குஞ்சு பொரித்தது. மூன்றாம் நாள் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் குஞ்சு பார்க்கக் குனிந்தேன். படங்கு சரசரத்தது. கோழி எழும்பிப் பாய்ந்து புறங்கையில் கொத்தி இரத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற மகனின் கன்னத்திலும் நகம் பட்டது. வந்த கோபத்தில் ஒரு சாக்கைப் போட்டு அதை அமுக்கி, குஞ்சுகளை எல்லாம் அள்ளிக் காட்போட் பெட்டிக்குள் விட்டு, காம்பராவுக்குள் கொண்டுபோய் மேலே ஒரு மின்குமிழைத் தொங்க விட்டேன். வெப்பம் இருந்தால் போதும், தாய் எதற்கு என்று நினைத்தேன்.

நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அன்று இரவும் விளக்கு அணைந்தது. மலையில் நின்ற களைப்பில் நான் தூங்கி விட்டேன். வெளியில் கோழி இரவெல்லாம் கதவடியில் கத்திக்கொண்டிருந்தது பாதி நித்திரையில் கேட்டது. விடியற்காலை பேரட்டுக்கு எழும்பிப் பெட்டியைத் திறந்தால் ஏழு குஞ்சு விறைத்துக் கிடந்தன. இரண்டுக்கு மட்டும் கொஞ்சம் அசைவு இருந்தது. நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி, விடியுமுன் இருட்டோடு இருட்டாகத் தாய்க்குக் கீழே தள்ளி விட்டேன். அது என்னைக் கொத்தவில்லை. இறக்கையைத் தூக்கி இரண்டையும் உள்ளே எடுத்துக் கொண்டது. அந்த இரண்டும் வளர்ந்து கோழியாகின.

அடுத்த காம்பரா ஆச்சி வந்து பெட்டியைப் பார்த்தார். "லைட்டு போகும். கோழி போகுமா புள்ள?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒன்பது குஞ்சையும் வளர்த்து விற்றுப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஏன் கொத்துகிறது?

அடை இருக்கத் தொடங்கும்போதே கோழியின் உடம்பில் சுரப்புகள் மாறுகின்றன. 21 நாள் ஒரே இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கி, அவசரமாகத் தின்று குடித்து, எச்சம் கழித்து மீண்டும் ஏறுகிறது. அந்த மூன்று கிழமையில் அதன் எடையும் குறைந்து விடும். பொரித்த முதல் கிழமையில் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சிறகு முளைக்கும் வரை குஞ்சு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. எங்கள் மலைக்குளிரில் அந்தச் சூட்டைச் செலவில்லாமல் தருவது தாயின் வயிற்றுப் பக்கம் மட்டுமே.

குஞ்சின் நிலை தாய்க்குத் தெரியும் என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குஞ்சுகளின் இறகு கலையும்படி இலேசாகக் காற்றை ஊதி, அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழிகளைக் கவனித்தார்கள். தாயின் இதயத் துடிப்பு கூடியது. இறகு கோதுவதை விட்டுவிட்டு விழிப்பாக நின்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. காற்றுத் தன்மேல் படாமலே குஞ்சுக்கு ஏற்பட்ட தொந்தரவை அது உணர்ந்தது.

மேலேயிருந்து வரும் பருந்துக்கு ஒரு சத்தம், நிலத்தால் வரும் கீரிக்கும் நாய்க்கும் வேறொரு சத்தம் என்று கோழி பிரித்துச் சொல்லும். நாம் குனிந்து மேலேயிருந்து கையை நீட்டும்போது அந்தக் கை பருந்து இறங்கும் விதத்தில் இறங்குகிறது. ஆகவே அது கொத்துவது உங்களை அல்ல. உங்கள் கை வரும் விதத்தைத்தான். அந்த விதத்தை மாற்றலாம்.

பழக்கிக் கொள்ள வேண்டியவை

கோழி சும்மா பாய்வதில்லை. முதலில் இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமுவது போலச் சத்தமிடும். பிறகு வாலை விரித்து, இறக்கையை நிலத்தில் படத் தாழ்த்தும். மூன்றாவதாகத்தான் பாயும். முதல் அறிகுறியிலேயே நின்று விடுங்கள். பின்னுக்கு ஓட வேண்டாம், கையை வீசவும் வேண்டாம். அப்படியே நின்று மெதுவாகப் பேசுங்கள். அது அடங்கிய பிறகு அடுத்த அடி வையுங்கள்.

அடை வைக்கும் நாளிலிருந்தே ஒருவர் மட்டும் அதைப் பார்த்துக் கொள்வது நல்லது. அதே நேரம், அதே குரல், அதே பாத்திரம். "பா... பா..." என்று எப்படிக் கூப்பிட்டாலும் ஒரே மாதிரிக் கூப்பிடுங்கள். தலையில் கூடை, இடுப்பில் படங்கு, மழைக்குப் போட்ட பொலித்தீன் இவற்றோடு கிட்டப் போக வேண்டாம்.

தீன் வைக்கும்போது குந்தியிருந்து, பக்கவாட்டில், நிலத்தோடு ஒட்டிக் கையை நீட்டுங்கள். முதல் பிடி தாய்க்கு. ஒரு பிடி குறுநல் அரிசியும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டால் அது 'கொக் கொக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டு ஊட்டத் தொடங்கும். ஊட்டுகிற தாய் சண்டைக்கு வராது. அந்த நேரத்தில் தண்ணீரை மாற்றலாம், குஞ்சுகளை எண்ணலாம்.

முட்டையையோ குஞ்சையோ தொட வேண்டிய வேலை எல்லாவற்றையும் இரவுக்கு வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கியிருக்கும். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல இரத்த நரம்பு தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்து விடலாம். நீளக் கைச் சட்டை போட்டு, புறங்கை கோழியின் பக்கம் இருக்கும்படி கையை மெதுவாகச் செருகுங்கள். கோழியைத் தூக்குவதானால் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, தலையை ஒரு துணியால் மூடுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்க விடுவது அதற்கும் வேதனை, அடுத்த முறை உங்களைக் கண்டதும் அது இன்னும் பயப்படும்.

18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொட வேண்டாம். குஞ்சு வெளிவரும் நாளிலும் அவசரம் வேண்டாம். பொரிக்கும் முன் முட்டைக்குள்ளிருந்த மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதனால் இரண்டு நாள் வரை தீனில்லாமல் குஞ்சு தாங்கும். தாய் தானாக எழும்பி இறங்கும் வரை விடுங்கள். அந்த நேரம் கூட்டைக் கிளறினால் அது துள்ளி எழும்பும், கீழே இருக்கும் குஞ்சு நசுங்கும். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று சொல்வோம். தன் பாட்டில் விட்டால் பார்த்துத்தான் கால் வைக்கும். நாம் பயமுறுத்தினால் அந்தப் பழமொழி பொய்த்துப் போகும்.

இடம் செய்து கொடுப்பது

கோழியோடு சண்டை பிடிப்பதில் பாதி, இடம் சரியில்லாததால் வருவது. லயத்தில் ஒரு முற்றத்தில் நாலு வீட்டுக் கோழியும் திரியும். எல்லாப் பக்கமும் ஆபத்து என்று தாய் நினைக்கும், எல்லாரையும் கொத்தும். ஒரு மூலையில் பின்பக்கம் சுவரும் இரண்டு பக்கம் தட்டியும் வைத்து மறைத்துக் கொடுத்தால், ஒரு பக்கத்தை மட்டும் காவல் காத்தால் போதும் என்றாகி அது அமைதியடையும்.

குஞ்சுத் தீனைத் தாய் தின்று விடாமலும், நீங்கள் கொத்து வாங்காமலும் இருக்க ஒரு வழி உண்டு. நாலு பக்கமும் குச்சி அடித்த ஒரு சட்டத்தை வையுங்கள். குச்சிகளுக்கு நடுவில் இரண்டங்குல இடைவெளி. குஞ்சு உள்ளே போகும், தாய் போக முடியாது. மேலால் திறந்து தீனை வைக்கலாம். தண்ணீர்த் தட்டில் சின்னக் கற்களைப் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது. காலையில் பனி காய்ந்த பிறகே குஞ்சுகளை வெளியில் விடுங்கள். ஐப்பசி முதல் தை வரை எங்களுக்கும் உங்களுக்கும் அடைமழை. முடிந்தால் அந்தக் காலத்துக்கு அடை வைக்காமல் விடுவது நல்லது.

பேன் கடித்தாலும் கோழிக்கு எரிச்சல் கூடும். கூட்டருகில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து போட்டால் அது குளித்துக் கொள்ளும். உங்கள் பக்கம் வேம்பு தாராளமாக இருக்கும், அடைக்கூட்டில் வேப்பிலையும் போடலாம்.

அடக்க வேண்டிய நேரங்கள்

தாயின் போக்கில் விட முடியாத நேரங்களும் உண்டு. ஒன்று, இரண்டு தாய்க்கோழிகள் ஒன்றாகக் குஞ்சு பொரிக்கும்போது. ஒன்றையொன்று தாக்கும். தன் குஞ்சைப் பழகிவிட்ட தாய் மற்றதன் குஞ்சைக் கொத்திக் கொன்றும் விடும். முதல் மூன்று கிழமைக்கு ஒன்றையொன்று காணாதபடி வையுங்கள். ஒரு தாயின் குஞ்சுகளை மற்றதோடு சேர்ப்பதானால், பொரித்த முதல் இரண்டு நாளுக்குள், இரவில், இருட்டில் வயிற்றுக்குக் கீழே வையுங்கள். விடிந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். ஏற்காவிட்டால் உடனே எடுத்து விட வேண்டும்.

இரண்டாவது, முதல் முறை பொரித்த சில இளங்கோழிகள் தம் குஞ்சையே கொத்தும். அப்போது மட்டும் குஞ்சை எடுத்துச் சூடாக வைத்திருந்து இரவில் திரும்ப வைத்துப் பாருங்கள். மறுபடியும் கொத்தினால், அந்தக் குஞ்சுகளை நாம்தான் வளர்க்க வேண்டும். மின்குமிழை மட்டும் நம்பாதீர்கள். சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, இரவில் எழும்பி மாற்றுங்கள்.

மூன்றாவது, எதிரி பெரிதாக இருக்கும்போது. தாய் பருந்தை விரட்டும், காகத்தை விரட்டும். நாயையும் எதிர்த்து நிற்கும், ஆனால் நாயிடம் தோற்கும். மரநாயும் கீரியும் இரவில் வந்தால் தாயும் போகும், குஞ்சும் போகும். பகல் காவல் அதனுடையது. இரவுக் காவல் நம்முடையது. பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்துக் கூட்டை இறுக மூடுங்கள்.

நோயும் தாயால் தடுக்க முடியாத எதிரி. இராணிக்கெட் நோய் வந்தால் முற்றமே வெறிச்சோடிப் போகும். தடுப்பு மருந்து எந்த வயதில், எத்தனை தடவை என்று அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக் கொடுப்பியுங்கள். நோயில் செத்ததை உண்ணாமல், நாய் தோண்டாதபடி ஆழப் புதையுங்கள்.

எப்போது பிரிப்பது?

மூன்று, நான்கு கிழமை போனதும் தாயின் மூர்க்கம் தானாகக் குறையும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் கொண்டை சிவந்து, மீண்டும் முட்டையிடத் தயாராகும். அப்போது தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டத் தொடங்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு மனம் கஷ்டமாக இருக்கும். குஞ்சு இனித் தன் காலில் நிற்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். மலையில் நாங்கள் எட்டுக் கிழமை வரை விடுகிறோம். உங்கள் வெக்கைக்கு ஆறு போதும். பிரிக்கும்போது குஞ்சுகளைப் பழகிய இடத்திலேயே விட்டு, தாயை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

கோழியை விற்பது பற்றிக் கடைசியாக ஒரு சொல். கடைத் தீனில் முட்டைக்கென்றே வளர்க்கும் கலப்பினக் கோழிகள் அநேகமாக அடை இருக்காது. அந்தக் குணம் அவற்றில் இல்லாமல் போகும்படிதான் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய இடங்களில் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு பெற்ற பலருக்கு இது தெரியும். அந்தக் குஞ்சுகளோடு தாய் வரவில்லை. முட்டை நின்றதும் கோழியும் முடிந்தது. 2022இல் தீன் விலை ஏறிப் பண்ணைகள் தடுமாறின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அந்த நாட்களிலும் லுணுகலையைச் சுற்றிய தோட்டங்களில் முற்றத்தில் கிளறித் தின்ற ஊர்க்கோழிகள் பிள்ளைகளுக்கு முட்டை தந்துகொண்டிருந்தன. நன்றாக அடை இருந்து, நன்றாகக் கொத்தி, பத்துக் குஞ்சையும் காக்கிற ஒரு கோழி உங்களிடம் இருக்கிறது. அதன் முட்டைகளை அடுத்த அடைக்கு எடுத்து வையுங்கள்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசியில் "முகாமில் இருந்தபோது என்னையும் எல்லாரும் சண்டைக்காரி என்றுதான் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதத் தேவையில்லை. உங்கள் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றும் அதே கடிதத்தில் இருந்தது.

மகளின் காயம் ஆறியதா என்று எழுதுங்கள். கோழிக்கூட்டு வேலி வைத்தீர்களா என்றும் எழுதுங்கள். அடுத்த மாதம், கடைத் தீன் குறைத்துக் கறையானும் முருங்கையிலையும் கொண்டு குஞ்சு வளர்ப்பது பற்றிப் பார்ப்போம்.